பாலைவனத்தில் கடலின் சுவடுகள்

ஸகரிய்யா அல்கஸ்வீனி (1203-1283) படைப்பின் அற்புதங்களைத் தொகுத்து எழுதிய பெருநூலில் ஒரு கதை வருகிறது. ஹிள்ரு (அலை) அவர்கள் ஒருநாள் மக்கள் நெருங்கி வாழும் மாநகர் ஒன்றின் வழியாகச் செல்கிறார்கள். இந்நகர் எப்போது தோன்றியதென்று அங்கிருந்த ஒருவரிடம் கேட்க, அது தமக்கும் தெரியாது, தம் முன்னோருக்கும் தெரியாது என்று அவர் விடை பகர்கிறார். ஐந்நூறு ஆண்டுகள் கழித்து அவ்விடத்திற்குத் திரும்பி வந்தபோது நகரின் சுவடே இல்லை. புல்பூண்டு பறித்துக் கொண்டிருந்த ஒருவன், இந்த மண் என்றைக்கும் இப்படியேதான் கிடந்தது என்கிறான். இன்னும் ஐந்நூறு ஆண்டுகள் கழிந்து வந்தால் அங்கே கடல் அலை வீசுகிறது. கரையில் நின்ற மீனவர்களோ, இது ஆதிமுதல் கடல்தானே என்று வியக்கின்றனர். மறுமுறை கடல் வற்றி வெறும் நிலம் கிடக்கிறது. இறுதியாக வந்தபோது முன்னதினும் செழித்த நகரமொன்று நிற்கிறது. அதன் குடிமக்களுக்கும் அதன் தொடக்கம் தெரியவில்லை.

நவீன நிலவியலுக்கு அடித்தளமிட்டோருள் ஒருவரான சார்லஸ் லயல் தம் புகழ்பெற்ற நிலவியல் நூலில் இக்கதையை எடுத்தாண்டிருக்கிறார். நிலம் நீராவதும் நீர் நிலமாவதும் மனிதனின் ஆயுளுக்குள் அடங்காத செய்திகள் என்பதை விளக்க, இதனினும் பொருத்தமான கதை அவருக்குக் கிட்டவில்லை போலும்! ஆனால் கதை கதைதான். கஸ்வீனிக்கு ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே, இதே கருத்துக்குக் கதையைத் தேடாமல் சான்றைத் தேடிய பேரறிஞர் ஒருவர் இருந்தார்.

அபூ ரைஹான் அல்பீரூனி 973இல் குவாரிஸ்மில் பிறந்தவர். கஸ்னாவில் வாழ்ந்த காலத்தில், ஊர்களின் இருப்பிடங்களை அளந்து அவற்றிடையே உள்ள தூரங்களைத் திருத்துவதற்கென ஒரு நூல் எழுதினார். ஹிஜ்ரி 416இல், அதாவது 1025இல், அது நிறைவெய்தியது. தொழுகைக்குரிய கிப்லாவின் திசையைக் கணக்கிட்டு உறுதி செய்வதும் அந்நூலின் நோக்கங்களுள் ஒன்று. இத்தகைய கணித நூலின் முற்பகுதியில் திடீரெனக் கிணறு வெட்டுவோரின் செய்தி வருகிறது. அரபு நாட்டுப் பாலைவனம் ஒரு காலத்தில் கடலாயிருந்து பின்னர் தூர்ந்தது; கிணறும் குளமும் தோண்டும்போது அதன் அடையாளங்கள் வெளிப்படுகின்றன என்கிறார் அல்பீரூனி. மண்ணும் மணலும் கூழாங்கல்லும் அடுக்கடுக்காக வருகின்றன. அங்கிருந்து எடுத்த கற்களை உடைத்தால் சிப்பிகளும் சோழிகளும் மக்கள் 'மீன் காது' என்று வழங்கும் பொருள்களும் அகப்படுகின்றன. சில சிதையாமல் இருக்கின்றன. சில அழிந்துபோய், அவற்றின் வடிவத்திலேயே கல்லுக்குள் வெற்றிடம் மட்டும் எஞ்சி நிற்கிறது.

இந்தக் கடைசிச் செய்தியை வாசகர் சற்று நின்று கவனிக்க வேண்டும். உயிரின் உடல் கரைந்து போன பிறகும் அதன் உருவம் கல்லில் அச்சாகத் தங்குவதை இன்றைய தொல்லுயிரியலாளர் 'அச்சுப் படிவம்' என்பர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அதனைக் கையிலெடுத்துப் பார்த்து, அது வெறும் விசித்திரக் கல் அன்று, மறைந்த ஒன்றின் இடம் என்று உணர்ந்தவர் அவர். இந்தியாவைப் பற்றி 1030 அளவில் எழுதிய நூலிலும் இதே கண்தான் வேலை செய்கிறது. மலையடிவாரத்தில், ஆறுகள் சீறிப் பாயும் இடத்தில், உருண்ட கற்கள் பெரியனவாக உள்ளன; மலையை விட்டு விலக விலக அவை சிறுத்து, ஆறு தளர்ந்து கடலை அணுகும் இடத்தில் மணலாகி விடுகின்றன. ஆகவே இச்சமவெளி முன்னொரு காலத்தில் கடலாயிருந்து, ஆறுகள் சுமந்து வந்த வண்டலால் நிரம்பியதாக இருக்க வேண்டும் என்பது அவர் முடிவு. எத்தனை ஆண்டுகளில் என்று கேட்டால் அவர் எண் சொல்ல மறுக்கிறார். படைக்கப்பட்டது என்பதில் அவருக்கு ஐயமில்லை; எப்போது என்பதற்குத் தம் கையில் அளவுகோல் இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை.

அவர் காலத்தவரும், அவரோடு கடிதவழியே கடுமையாக வாதிட்டவருமான இப்னு ஸீனா (980-1037), தம் 'ஷிஃபா'வில் மலைகளின் பிறப்பை ஆராய்கிறார். நில நடுக்கத்தால் மண் மேலெழுவது ஒரு வழி; நீரும் காற்றும் மென்மையான பகுதியை அரித்துக் கடினமானதை விட்டுச் செல்வது மற்றொரு வழி. தம் சிறு பிராயத்தில் ஜைஹூன் நதிக்கரையில் மக்கள் தலை தேய்த்துக் குளிக்கும் களிமண்ணைக் கண்டதாகவும், ஏறத்தாழ 23 ஆண்டுகள் கழித்து அதே மண் மென்கல்லாக இறுகியிருக்கக் கண்டதாகவும் அவர் எழுதியிருப்பது அருமையான பகுதி. மருத்துவ மேதை என்று மட்டுமே நாம் அறிந்தவர், ஆற்றங்கரை மண்ணை இருபத்து மூன்று ஆண்டுகள் மறவாமல் நினைவில் வைத்திருந்தார்! விலங்குகளும் செடிகளும் கல்லாவதற்கு, சில இடங்களில் உள்ள கல்லாக்கும் ஆற்றலே காரணம் என்று அவர் விளக்கினார். இப்பகுதி 1200 அளவில் இலத்தீனில் பெயர்க்கப்பட்டபோது அரிஸ்டாட்டிலின் நூலோடு பின்னிணைப்பாகச் சேர்க்கப்பட்டது. நெடுங்காலம் ஐரோப்பியக் கல்விக் கூடங்கள் இப்னு ஸீனாவின் எழுத்தை அரிஸ்டாட்டிலின் எழுத்தாகவே படித்து வந்தன.

இந்த இடத்தில் நம்மவர் சிலரின் வழக்கத்தைச் சொல்லாமல் கடக்க இயலவில்லை. மேடையேறினால், பிற்காலத்தார் கண்டதனைத்தையும் நம் முன்னோர் அன்றே கண்டுவிட்டனர் என்று முழங்கிவிட்டு இறங்குகின்றனர். அல்பீரூனிக்கு அது பெருமை சேர்ப்பதாகாது. கடல் இடம் பெயர்ந்தது என்று அவர் நிறுவினார். கல்லில் உள்ள சிப்பி உயிரோடிருந்த சிப்பி என்று உணர்ந்தார். ஆனால் அந்த இனம் உலகிலிருந்தே ஒழிந்து போயிருக்கலாம் என்ற எண்ணம் அவர் நூலில் இல்லை. அத்தகைய எண்ணம் அப்போது எங்குமே வேரூன்றவில்லை. இறைவன் படைத்த இனமொன்று அடியோடு அற்றுப் போகுமா என்ற கேள்வியே பல சமயத்தாரையும் தயங்க வைத்தது. அத்தயக்கம் தீர இன்னும் எழுநூற்றைம்பது ஆண்டுகள் ஆயின.

1796இல் பாரிஸ் நகரில் ஜார்ஜ் கூவியே என்னும் இளம் உடற்கூற்றியலாளர், சைபீரியாவில் கிடைத்த மாமத்தின் எலும்புகளை இந்திய, ஆப்பிரிக்க யானைகளின் எலும்புகளோடு ஒப்பிட்டு, மாமத் இவ்விரண்டினும் வேறான இனம் என்று காட்டினார். அவ்வளவு பெரிய விலங்கு எங்கேனும் உயிரோடிருந்தால் எவர் கண்ணிலும் படாமலா போகும்? ஆகவே அது அழிந்த இனம். இவ்வாறு அழிவு என்பது அறிவியலின் செய்தியாயிற்று. வேடிக்கை என்னவென்றால், இதே கூவியே எகிப்தைக் கொண்டு வேறொரு வாதத்திலும் இறங்கினார். நெப்போலியனின் படையெடுப்போடு சென்ற அறிஞர்கள், பண்டைய எகிப்தியர் பதப்படுத்தி வைத்த அரிவாள் மூக்கன் பறவைகளைக் கொணர்ந்திருந்தனர். அவற்றை அறுத்துப் பார்த்து, இன்றைய பறவைக்கும் அதற்கும் வேற்றுமை இல்லை, ஆகவே இனங்கள் மாறுவதில்லை என்றார். மூவாயிரம் ஆண்டுகள் அக்கணக்கிற்குப் போதவே போதா என்று லாமார்க் பதிலிறுத்தார். எகிப்தின் மணலுக்கடியில் இருந்த உண்மையான விடையை அவ்விருவருமே அறிந்திருக்கவில்லை. அதற்குப் பின்னர் வருவோம்.

உலகில் உயிரினங்கள் கூட்டங்கூட்டமாக மடிந்த பேரழிவுகள் ஐந்து என்று கணக்கிடுகின்றனர். அவற்றுள் கொடியது 25 கோடியே 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நேர்ந்தது. சைபீரியாவில் எரிமலைக் குழம்பு பெருக்கெடுத்த அக்காலத்தில், கடல்வாழ் இனங்களில் பத்தில் எட்டுக்கும் மேல் அற்றுப் போயின. எல்லாரும் அறிந்ததோ கடைசியாக நேர்ந்த அழிவு: 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன், டைனோசர்களை முடித்து வைத்தது. அதன் காரணம் 1980 வரை ஊகமாகவே இருந்தது. அவ்வாண்டில் லூயிஸ் ஆல்வாரஸ், அவர் மகன் வால்ட்டர் ஆல்வாரஸ் ஆகியோரும் அவர்தம் துணைவர்களும், இத்தாலியின் குப்பியோ நகரையடுத்த பாறையில் விரற்கடைக் கனமுள்ள களிமண் படலமொன்றில் இரிடியம் என்னும் அரிய உலோகம் மிகுந்திருப்பதைக் கண்டனர். பூமியின் மேற்பரப்பில் அருகியும், விண்கற்களில் மிகுந்தும் உள்ள உலோகம் அது. விண்கல்லொன்று மோதியதே பேரழிவுக்குக் காரணம் என்று அவர்கள் வாதிட்டனர். மெக்சிகோவின் யுகாட்டான் கரையில் மண்ணுக்கடியில் புதைந்திருக்கும் சிக்சுலுப் பள்ளமே அம்மோதலின் தழும்பு என்பது 1991இல் எடுத்துக் காட்டப்பட்டது. நம் நாட்டுத் தக்காணப் பீடபூமியை உருவாக்கிய எரிமலைப் பெருக்கும் அதே காலத்தது. அழிவில் அதன் பங்கு எவ்வளவு என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

இந்த அழிவின் எல்லையை உலகிலேயே தெளிவாகக் காட்டும் இடம் எது? வடமேற்குத் துனீசியாவில் அல்காஃப் என்றொரு பழைய ஊர். அரபுச் சொல்லுக்குப் பாறை என்பது பொருள். அவ்வூரையடுத்த ஓடையொன்றின் சரிவில், பழைய கடலடிச் சேறு இடையறாது படிந்து இறுகிக் கிடக்கிறது. அதில் சில மில்லிமீட்டர் கனமே உள்ள துருநிறக் கோடு ஒன்று ஓடுகிறது. கோட்டிற்குக் கீழே கண்ணுக்குப் புலனாகாத கடல் நுண்ணுயிர்களின் ஓடுகள் பல வகையாகச் செறிந்துள்ளன. கோட்டிற்கு மேலே அவற்றில் பெரும்பாலான வகைகள் இல்லை. ஒரு யுகம் முடிந்து மறு யுகம் தொடங்கும் எல்லைக்கு உலகம் முழுமைக்குமான அளவுகோலாக அந்த இடத்தை நிலவியலாளரின் அனைத்துலக அமைப்பு 1991இல் ஏற்றது. டைனோசர் எலும்புகளைப் பார்க்கக் குழந்தைகள் அருங்காட்சியகங்களில் முண்டியடிக்கின்றனர். ஆனால் அழிவின் கணக்கைத் துல்லியமாக எழுதி வைத்தவை ஊசிமுனையளவுள்ள இவ்வோடுகளே.

பெரிய ஊர்வன ஒழிந்த பிறகு பாலூட்டிகள் நிலமெங்கும் பரவின; சில நீருக்கும் திரும்பின. கெய்ரோவுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவில், ஃபையூம் மாநிலத்துப் பாலையில், வாதி அல்ஹீத்தான் இருக்கிறது. திமிங்கிலப் பள்ளத்தாக்கு என்பது அப்பெயரின் பொருள். 1902-03 குளிர்காலத்தில் எகிப்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஹியூ பீட்னெல் அங்கு சென்றபோது, மணற்பரப்பின் மேலேயே முதுகெலும்புகள் வரிசையாகக் கிடந்தன. வண்டிகள் செல்ல இயலாத இடமாதலால் நெடுங்காலம் அது கேட்பாரற்றுக் கிடந்தது. 1980களில்தான் பிலிப் கிங்கரிச், எல்வின் சைமன்ஸ் ஆகியோரின் குழுவினர் எகிப்தியரோடு சேர்ந்து நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகளைக் குறித்து வைத்தனர். அவற்றோடு சுறாக்களின் பற்களும், கடற்பசுக்களும், ஆமைகளும், கரையோரச் சதுப்பு மரங்களின் வேர்களும் கல்லாகிக் கிடக்கின்றன. ஏறத்தாழ 4 கோடி ஆண்டுகளுக்கு முன், இன்றைய மத்தியதரைக் கடலின் முன்னோடியான பெருங்கடல் அங்கே அலைவீசியது. அல்பீரூனி கிணற்றுக் கல்லில் படித்ததை அங்கே கண்ணால் பார்க்கலாம்.

அவற்றுள் பெரியது பசிலோசாரஸ். 50 அடிக்கும் மேல் நீண்டது. 'அரசப் பல்லி' என்னும் பொருளுள்ள இப்பெயரே ஒரு பிழையின் நினைவுச் சின்னம். 1834இல் அமெரிக்காவில் கிடைத்த எலும்பைப் பார்த்து ஊர்வனவற்றின் எலும்பென்று எண்ணியவர் இட்ட பெயர் அது. பாலூட்டியின் பல் என்று ரிச்சர்ட் ஓவன் சில ஆண்டுகளுக்குள் காட்டியும், விதிப்படி முதற்பெயரே நிலைத்துவிட்டது. 1989இல் இப்பள்ளத்தாக்கில் வெளிப்பட்டதோ அதனினும் வியப்பு. அப்பெரும் உடலின் பின்புறத்தில் முழங்காலும் கணுக்காலும் விரல்களும் அமைந்த மிகச் சிறிய கால்கள் இருந்தன. நடப்பதற்கு அவை பயன்பட்டிருக்க வாய்ப்பே இல்லை. நிலத்தில் நடந்த முன்னோரிடமிருந்து வந்த மிச்சம் அவை. அம்முன்னோரின் எலும்புகள் சிந்து நதிக்கு அப்பால் பாகிஸ்தானின் மலைகளில் முன்னரே கிடைத்திருந்தன. ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட பாக்கிசீட்டஸ் நான்கு கால்களால் நடந்த விலங்கு. கூவியேயும் லாமார்க்கும் பறவைச் சடலத்தை வைத்து நடத்திய வழக்கிற்கு எகிப்திய மணல் வைத்திருந்த விடை இதுவே.

இவ்வுண்மைகளை ஏற்பதால் ஈமானுக்கு ஊறு நேருமோ என்று அஞ்சுவோர் நம்மிடையே உண்டு. பூமியில் சுற்றி வந்து படைப்பைச் சிந்திக்குமாறு திருமறை பன்முறை ஏவுகிறது. சிந்திப்பதற்கு முன்பே முடிவைச் சொல்லிவிட வேண்டும் என்று அது ஏவவில்லை. மனிதனைப் பற்றிய நம்பிக்கை குறித்து உலமாப் பெருமக்களிடையே நடக்கும் விவாதம் தனியானது. அதில் தலையிடும் தகுதி இக்கட்டுரையாளனுக்கு இல்லை. ஆனால் பள்ளத்தாக்கில் கிடக்கும் எலும்பைப் பார்க்காமலே மறுப்பது அல்பீரூனியின் வழியன்று என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

பார்க்க விரும்பினாலும் எல்லா எலும்புகளும் இன்று இல்லை என்பதுதான் துயரம். கெய்ரோவுக்குத் தென்மேற்கில் இன்னும் தொலைவில் பஹரிய்யா பாலைவனச் சோலை உள்ளது. ஜெர்மானிய அறிஞர் ஏர்ன்ஸ்ட் ஸ்ட்ரோமர் 1911இன் தொடக்கத்தில் அங்கு வந்தார். அவருக்காகத் தோண்டிய ரிச்சர்ட் மார்க்கிராஃப் 1912இல் விசித்திரமான எலும்புகளைக் கண்டெடுத்தார். முதுகின் முட்கள் ஒவ்வொன்றும் ஓர் ஆளின் உயரம்; தாடை முதலையின் தாடை போன்றது. 1915இல் ஸ்ட்ரோமர் அதற்கு 'எகிப்தின் முள்முதுகுப் பல்லி' என்னும் பொருள்பட ஸ்பைனோசாரஸ் என்று பெயரிட்டார். ஏறத்தாழ 9 கோடியே 50 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட இந்த ஊனுண்ணியின் எலும்புகள் மூனிக் நகர அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. உலகப் போர் மூண்டு குண்டுகள் விழத் தொடங்கியபோது, எலும்புகளைப் பாதுகாப்பான இடத்திற்கு மாற்றுமாறு ஸ்ட்ரோமர் மன்றாடினார். நாஜி ஆட்சியை வெறுத்தவர் அவர். அருங்காட்சியகத் தலைமையில் இருந்தவரோ நாஜிக் கட்சிக்காரர். மன்றாட்டு செவியேறவில்லை. 1944 ஏப்ரல் 24-25 இரவில் விழுந்த குண்டுகளில் கட்டடமும், அதனுள் இருந்த எகிப்திய டைனோசர்களும் சாம்பலாயின. ஸ்ட்ரோமரின் புதல்வர்களுள் இருவர் அப்போரில் மாண்டனர். 1952இல் அவரும் மறைந்தார்.

ஒன்பதரைக் கோடி ஆண்டுகள் மண்ணுக்குள் பத்திரமாக இருந்த பொருள், மனிதர் கைக்கு வந்து முப்பத்திரண்டு ஆண்டுகளில் அழிந்தது. கெய்ரோவில் 1904 முதல் நிலவியல் அருங்காட்சியகம் ஒன்று இருந்தது என்பதையும் இங்கே நினைக்கத் தோன்றுகிறது. அன்றைய எகிப்து தன் மண்ணின் பொருளைத் தன்னிடமே வைத்துக் கொள்ளக்கூடிய நிலையில் இல்லை. இதற்கு நேர்மாறாக, அல்பீரூனி கிணற்றுக் கற்களைப் பற்றி எழுதிய நூலின் பழம்பிரதி இஸ்தான்புல் நூலகமொன்றில் உயிர்பிழைத்துக் கிடந்ததால்தான் அவர் கருத்தை இன்று நாம் அறிகிறோம். காகிதம் தப்பியது, கல் எரிந்தது!

ஸ்ட்ரோமரின் விரிவான வருணனைகளும் வரைபடங்களும் எஞ்சின. சில புகைப்படங்களும் பிற்காலத்தில் கிடைத்தன. அவற்றைச் சிறுவயது முதல் நெஞ்சில் வைத்திருந்த நிஸார் இப்ராஹீம் என்னும் ஜெர்மானிய மொராக்கோ அறிஞர், 2008இல் மொராக்கோவின் எர்ஃபூத் நகரில் ஒருவர் அட்டைப் பெட்டியில் கொண்டுவந்த எலும்புகளைக் கண்டார். பின்னர் இத்தாலியின் மிலான் நகரில் வேறு எலும்புகளைக் கண்டபோது இரண்டும் ஒரே விலங்கினுடையவையோ என்ற ஐயம் எழுந்தது. பெயர் தெரியாது, மீசை வைத்தவர் என்பது மட்டும் நினைவிருந்த அந்தத் தோண்டுநரைத் தேடி மீண்டும் எர்ஃபூத் சென்று, கண்டுபிடித்து, அவர் தோண்டிய குழியையும் கண்டார். 2014இல் ஸ்பைனோசாரஸ் மீண்டும் உலகறிய வந்தது. 2020இல் அதன் துடுப்புப் போன்ற வால் வெளிப்பட்டு, அது நீரிலும் இரை தேடியது என்ற கருத்துக்கு வலுவூட்டியது. இம்முறை எலும்புகள் ஐரோப்பாவுக்குச் செல்லவில்லை. காசாபிளாங்கா பல்கலைக்கழகத்தில் உள்ளன. எர்ஃபூத் வட்டாரத்தில் புதைபடிவம் தோண்டி விற்றே பல குடும்பங்கள் வயிறு வளர்க்கின்றன. குறுகிய குழிகளில் ஊர்ந்து சென்று உயிரைப் பணயம் வைப்போர் பெறுவது சொற்பம். கடல்கடந்த சந்தையில் அதன் விலையோ வேறு. அவர்களைப் பழிப்பது எளிது. அவர்கள் குழிகள் இல்லாவிடில் இந்த எலும்புகளும் வெளிப்பட்டிரா.

எகிப்திலும் காலம் மாறியிருக்கிறது. வாதி அல்ஹீத்தானை யுனெஸ்கோ 2005இல் உலகப் பாரம்பரிய இடமாக ஏற்றது. 2016இல் அங்கேயே அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. நைல் கழிமுகத்து மன்சூரா பல்கலைக்கழகத்தில் ஹிஷாம் ஸல்லாம் முதுகெலும்புள்ள தொல்லுயிர்களுக்கென ஆய்வு மையம் தொடங்கித் தம் நாட்டு மாணவர்களைப் பயிற்றினார். தாஹ்லா பாலைவனச் சோலையில் அவர்கள் கண்ட டைனோசர் 2018இல் மன்சூராசாரஸ் என்று பல்கலைக்கழகத்தின் பெயரையே பெற்றது. 2021இல் நிலத்திலும் நீரிலும் வாழ்ந்த திமிங்கில முன்னோடி ஒன்று, 2023இல் எட்டடி நீளமே உள்ள மிகச் சிறிய பண்டைத் திமிங்கிலம் ஒன்று எனக் கண்டுபிடிப்புகள் தொடர்ந்தன. அம்மையத்து மாணவியரும் பாலையில் கூடாரமடித்துத் தங்கித் தோண்டுகின்றனர். அவர்களுள் ஒருவரான ஸனா அஸ்ஸய்யித், திமிங்கிலங்களுக்கிடையே கிடந்த கெளுத்தி மீனொன்றை ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார். அதற்கு இலத்தீன் பண்டிதர் எவரும் பெயர் தேட வேண்டியிருக்கவில்லை. எகிப்தில் கெளுத்தி மீனைக் குறிக்க வழங்கும் 'கர்மூத்' என்னும் சொல்லையே எடுத்து, பள்ளத்தாக்கின் பெயரையும் சேர்த்து, 'கர்மூத்தஸ் ஹீத்தானென்சிஸ்' என்று அம்மீனுக்குப் பெயரிட்டிருக்கிறார்கள்.